கர்ப்பப்பை எடுத்த பிறகும் குறையாத ஆண் ஹார்மோன்: பிசிஓஎஸ்ஸும் அட்ரீனலும்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உதிரப்போக்கு நிற்கும், பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை நிற்காது. வருடக்கணக்கில் நாள் தவறி வந்த மாதவிலக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுவதால், நீர்க்கட்டிப் பிரச்சினையும் அதோடு போய்விட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் தாடையில் முரட்டு முடி முளைப்பது தொடர்கிறது, வகிட்டில் முடி மெலிகிறது, பின்கழுத்தில் கருமை அடர்கிறது, எடை ஏறுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 100க்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. இவர்களில் பிசிஓஎஸ் உள்ள பலருக்கு அறுவைக்குப் பின் என்ன கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

கர்ப்பப்பை ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் உறுப்பு. ஆண் ஹார்மோனை அது சுரப்பதில்லை. மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன் ஒரு பெண்ணின் ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய கால் பங்கு சினைப்பையிலிருந்தும், கால் பங்கு அட்ரீனலிலிருந்தும் வருகிறது. மீதிப் பாதி, இவ்விரண்டும் அனுப்பும் மூலப்பொருள்களிலிருந்து கொழுப்பிலும் தோலிலும் உருவாகிறது. கர்ப்பப்பை இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

அட்ரீனல் சிறுநீரகத்தின் உச்சியில் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பி, பக்கத்துக்கு ஒன்று. அதன் புறணியின் உள்ளடுக்கு டிஹெச்இஏ என்ற ஹார்மோனையும், அதன் சேமிப்பு வடிவமான டிஹெச்இஏ-எஸ்ஸையும் தயாரிக்கிறது. தூண்டுவது மூளையடியில் உள்ள பிட்யூட்டரியின் ஏசிடிஹெச். டிஹெச்இஏ-எஸ் தன்னளவில் பலவீனமானது. ஆனால் முடிவேர்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அது படிப்படியாக டெஸ்டோஸ்டிரோனாகவும், அதைவிட வீரியமான டிஹெச்டியாகவும் மாறுகிறது. பிசிஓஎஸ் உள்ளவர்களில் 100க்கு 20 முதல் 30 பேருக்கு டிஹெச்இஏ-எஸ் அளவு கூடுதலாக இருக்கும். இன்சுலின் இதில் இரட்டை வேலை செய்கிறது: ஒரு பக்கம் சினைப்பையை அதிகம் சுரக்க வைக்கிறது, மறுபக்கம், ஆண் ஹார்மோனைக் கட்டிப்போடும் எஸ்ஹெச்பிஜி புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதைக் குறைக்கிறது. மொத்த டெஸ்டோஸ்டிரோன் சாதாரணமாகத் தெரியும்போதே, கட்டற்றுத் திரிவது கூடியிருக்கும்.

முதலில் தெரிய வேண்டியது, சினைப்பைகள் இருக்கின்றனவா என்பது. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்ற வாய்மொழியை நம்ப வேண்டாம்; டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். பிஎஸ்ஓ என்றிருந்தால் இருபுறச் சினைப்பையும் கருக்குழாயும் போய்விட்டன. வெறும் பிஎஸ் என்றிருந்தால் குழாய்கள் மட்டும்தான் போயிருக்கின்றன, சினைப்பைகள் உள்ளே இருக்கின்றன. சந்தேகமிருந்தால் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்தெந்த உறுப்பு வந்தது என்று எழுதியிருக்கும். அடுத்த சிகிச்சை முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தது. சினைப்பைகள் இருந்தால் பிசிஓஎஸ் பழையபடியே தொடரும். இரண்டும் போயிருந்தும் டிஹெச்இஏ-எஸ் உயர்ந்திருந்தால் மூலம் அட்ரீனல்தான். சினைப்பைகளோடு ஈஸ்ட்ரோஜனும் வீழ்ந்துவிடுவதால், ஆண் ஹார்மோன் கூடாமலேயே அதன் கை ஓங்கி, முகத்தில் முடி அதிகரிப்பதும் உண்டு.

ரத்தப் பரிசோதனையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்ஹெச்பிஜி, டிஹெச்இஏ-எஸ், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவை வேண்டும். டிஹெச்இஏ-எஸ் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆனால் வயதோடு வேகமாகக் குறையும். ரிப்போர்ட்டில் அச்சான வரம்பு உங்கள் வயதுக்கு உரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 25 வயதுக்குச் சாதாரணமான எண் 50 வயதில் மிக அதிகம்.

பரிசோதனை தவறாகிப் போவதற்கு மிகச் சாதாரணக் காரணம் ஒன்று இருக்கிறது. முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும், அதுவும் 5 முதல் 10 மில்லிகிராம் வரை. பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையில் இது குறுக்கிட்டு டெஸ்டோஸ்டிரோனையும் டிஹெச்இஏ-எஸ்ஸையும் பொய்யாக உயர்த்தும், டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைக்கும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்குவது இப்படித்தான் நடக்கிறது. ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரானால் அதை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகு பார்த்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் இன்னும் நுட்பமானது. அட்ரீனலில் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருந்தால், கார்டிசோல் என்ற ஹார்மோனாக மாற வேண்டிய பொருள் ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடும். இதன் மிதமான வடிவம் பார்வைக்கு அப்படியே பிசிஓஎஸ்தான். காலை 8 மணியளவில் எடுத்த ரத்தத்தில் இந்த அளவு டெசிலிட்டருக்கு 200 நானோகிராமுக்கு மேலிருந்தால் ஏசிடிஹெச் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், முட்டை வெளியான பின் சினைப்பையே இதைச் சுரக்கும். அதனால் மாதவிலக்கின் முதல் நாள்களில் எடுக்கச் சொல்வது வழக்கம். மாதவிலக்கே இல்லாதவருக்கு எந்த நாள் முதல் நாள்? அதே ரத்தத்தில் புரோஜெஸ்டிரோனையும் பார்க்கச் சொல்லுங்கள். அது மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டியிருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

டிஹெச்இஏ-எஸ் டெசிலிட்டருக்கு 700 மைக்ரோகிராமையோ, டெஸ்டோஸ்டிரோன் 150 நானோகிராமையோ தாண்டினால் பிசிஓஎஸ் என்று விட்டுவிடக் கூடாது. அட்ரீனலிலோ சினைப்பையிலோ கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். குரல் கரகரத்து இறங்குவது, முன்தலை வழுக்கை, சில மாதங்களுக்குள் வேகமாக வளரும் முடி ஆகியவை இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். முகம் உருண்டு, வயிற்றில் அகன்ற ஊதாக் கோடுகள் விழுந்து, அடிபடாமலே தோல் கன்றினால் கார்டிசோல் மிகையாவதால் வரும் குஷிங் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கி, காலை 8 மணிக்குக் கார்டிசோல் பார்ப்பார்கள், டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது பொய்யாக உயர்ந்து காட்டும்.

சிகிச்சையில் கர்ப்பப்பை இல்லாதது சில கதவுகளைத் திறந்துவிடுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் ஆண் ஹார்மோன் முடிவேரில் செயல்படுவதைத் தடுக்கும் மருந்து. கர்ப்பம் தரித்தால் ஆண் சிசுவைப் பாதிக்கும் என்பதால் இளம்பெண்களுக்குக் கருத்தடையோடுதான் கொடுப்பார்கள். மாதவிலக்கையும் அது குழப்பும். இங்கே இரண்டு கவலையும் இல்லை. நாளுக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப 100, சிலருக்கு 200 வரை போவார்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம், மார்பு வலிக்கலாம். பெரிய ஆபத்து பொட்டாசியம் ஏறுவது. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். அவர்கள் தினமும் இளநீர் குடிப்பதும், சோடியம் குறைந்த உப்புக்கு மாறுவதும் நல்லதல்ல. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

முடியின் வளர்ச்சிச் சுழற்சி நீளம் என்பதால் பலன் தெரிய ஆறு மாதமாகும். இரண்டு மாதத்தில் "வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுவதுதான் இந்த மருந்து தோற்பதாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம். ஏற்கெனவே தடித்துவிட்ட முடிக்கு லேசர் தேவைப்படும்.

டிஹெச்இஏ-எஸ் அதிகமென்றதும் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ எழுதும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எண் இறங்கும், உண்மைதான். ஆனால் சர்க்கரை ஏறும், எடை கூடும், எலும்பு தேயும், அட்ரீனல் தூங்கிவிடும். ஏற்கெனவே இன்சுலின் எதிர்ப்புள்ள (இன்சுலின் சரியாக வேலை செய்யாத) உடலுக்கு இது பெரிய சுமை. நொதிக்குறை உறுதியான சிலருக்குத் தவிர இது வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. முன்பே சாப்பிட்டு வருபவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இணையத்தில் விற்கும் டிஹெச்இஏ மாத்திரைகள் நேரடியாக எரியும் தீயில் எண்ணெய்.

மெட்ஃபார்மின் முடியை அதிகம் குறைக்காது. சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும்தான் அது. இரவு உணவோடு 500 மில்லிகிராமில் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் வயிற்றுப்போக்கு அவ்வளவாக வராது. நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 பார்க்க வேண்டும். ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேர சர்க்கரை பார்ப்பது முக்கியம். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பலரைத் தப்பவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நம்மவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால், டிஹெச்இஏ-எஸ் பெரிதாக மாறாவிட்டாலும் எஸ்ஹெச்பிஜி ஏறி, கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். வாரம் 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் போதுமான தொடக்கம். பாரம் தூக்குவது மட்டும் அறுவைக்கு ஆறு வாரம் கழித்து. சோற்றை விட்டுவிட்டு நைசாக அரைத்த கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறுபவர்கள் கவனிக்க: கஞ்சியும் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும்.

45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளும் போயிருந்தால், மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாதவரை, ஏறக்குறைய 50 வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் அவசியம். கர்ப்பப்பை முழுதும் போய்விட்டால் பொதுவாகப் புரோஜெஸ்டிரோன் சேர்க்கத் தேவையில்லை. கர்ப்பப்பையின் கழுத்துப் பகுதியை விட்டுவைத்தவர்களும், கடுமையான எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்தவர்களும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எஸ்ஹெச்பிஜியை உயர்த்தி ஆண் ஹார்மோனைக் கட்டும். தோலில் ஒட்டும் பட்டைக்கு அந்தப் பயன் இல்லை, ஆனால் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. சினைப்பைகள் இருப்பவர்களுக்கு மெனோபாஸ் எப்போது வந்தது என்று காட்ட மாதவிலக்கு இல்லை. அறுவைக்குப் பின் அது சற்று முன்னதாகவே வரவும் கூடும். திடீர் உடல் வெப்பம், இரவு வியர்வை, தூக்கமின்மை தொடங்கினால், 45 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச்சை நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.