வெளிநாட்டு மேடைக்கு அழைப்பு வருவதற்கு முன்: வேலூர்ப் பக்கத்துக் கலைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளிநாடுகளோடு கலைக்குழுக்களைப் பரிமாறிக்கொள்ளும் பணிக்கு அரசுத் தரப்பில் முதன்மையான வாசல், 1950-இல் தொடங்கப்பட்டு, ஐ.சி.சி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்தியக் கலாசார உறவுகள் கழகம் ஆகும். அதன் மண்டல அலுவலகம் ஒன்று சென்னையில் இருக்கிறது. தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையம் பெரும்பாலும் மாநிலங்களுக்கிடையிலான பரிமாற்றத்தையே கவனிக்கிறது. நாடுகளுக்கிடையிலான வழக்கமான ஏற்பாட்டில், அனுப்பும் நாடு விமானச் செலவையும், வரவேற்கும் நாடு தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் பயணம் ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்ளும். பின்னணி இவ்வளவு போதும். ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாக்களும் (கூத்துக் குழுக்கள்) பம்பைக் குழுக்களும் இடறி விழும் இடங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதல் குழப்பம் அட்டைகளில் தொடங்குகிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை, மாவட்டக் கலை மன்றம் வழங்கும் கலை நன்மணி போன்ற விருது, தென்னகப் பண்பாட்டு மையத்தில் உள்ள பதிவு, ஐ.சி.சி.ஆர். கலைஞர் பட்டியலில் இடம் ஆகிய நான்கும் வெவ்வேறானவை. ஒன்றை வைத்திருப்பதால் மற்றொன்று தானாக வந்துவிடாது. நல வாரிய அட்டையைக் காட்டினால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அந்த நம்பிக்கை தவறென்று அவர்களிடம் சொல்ல ஓர் அலுவலகமும் மெனக்கெடவில்லை. ஐ.சி.சி.ஆர். பட்டியலில் சேர்க்கப்பட்டாலும் பயணம் உறுதியாகிவிடாது. வெளிநாட்டிலிருந்து கோரிக்கை வரும்போது அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள், அவ்வளவே. ஆகவே, “பட்டியலில் சேர்த்துவிட்டேன், அடுத்த மாதம் விமானம்” என்று சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஐ.சி.சி.ஆர். பட்டியலுக்கான விண்ணப்பம் இணையவழியில் நடப்பதால் பிரௌசிங் சென்டரை நாடுவது இயல்பு. அங்கே கடைக்காரர் தம்முடைய மின்னஞ்சல் முகவரியையும் கைபேசி எண்ணையும் போட்டு விண்ணப்பத்தை முடித்துவிடுகிறார். பிறகு வரும் கடிதம், கூடுதல் ஆவணம் கேட்கும் அறிவிப்பு, நேரில் வரச் சொல்லும் நாள் எல்லாம் அவருடைய பெட்டிக்குள் போய்க் கிடக்கின்றன. கோடையில் பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில் விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில் தூங்கும் கூத்து வாத்தியாருக்கு இது தெரியவே வராது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரின் பெயரிலாவது மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியின் காணொளியில் இன்னும் அதிகம் கவனம் வேண்டும். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் யாரோ கைபேசியில் எடுத்து, மேலே சினிமாப் பாட்டு ஒட்டி வலையேற்றிய காட்சியை அனுப்பினால், பார்ப்பவருக்கு முகவீணை என்ற சிறிய ஊதுகருவியின் ஒலியும் கேட்காது, அடவும் தெரியாது. பகல் வெளிச்சத்தில், முழு வேடத்தோடு, வெட்டி ஒட்டாமல், குரலும் வாத்தியமும் தெளிவாகக் கேட்கும்படி தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெயர்தான் பெரும்பாலான விண்ணப்பங்களை முடக்குகிறது. ஆதாரில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல், நோட்டீஸிலும் விருதுச் சான்றிதழிலும் மேடைப் பெயர் என்று மூன்று ஆட்களாக ஒருவர் இருப்பார். கடவுச்சீட்டில் முன்னெழுத்தை அப்படியே போட முடியாது, அதை விரித்து எழுத வேண்டும். அப்படி விரித்த பெயரும் அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் விசா அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். நம் பகுதிக்கு மட்டும் உரிய தலைவலி ஒன்றும் இருக்கிறது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் வாழ்பவர்களின் பழைய ஆவணங்களில் வேலூர் மாவட்டம் என்றும் புதிய சான்றிதழ்களில் வேறு மாவட்டம் என்றும் இருக்கிறது. மூத்த கலைஞர்களின் சான்றிதழ்களிலோ வட ஆற்காடு என்றே இருக்கும். கலைஞர் ஊர் மாறவில்லை, அரசுதான் எல்லையை மாற்றியது. ஆனாலும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் கலைஞர்தான். அழைப்பு வந்த பிறகு இவற்றைத் திருத்த நேரம் இருக்காது என்பதால், ஆதார் திருத்தத்தை இப்போதே முடித்துவிடுங்கள்.

கடவுச்சீட்டுக்கு வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. 36 பக்கச் சாதாரணப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்புக்கு எனத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை, யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாகக் குடியேற்றச் சரிபார்ப்பு தேவை என்ற குறிப்பு இருக்கும். மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர்க்கே அந்தச் சரிபார்ப்பு பொருந்தும். இருந்தும் விமான நிலையத்தில் கேள்வி எழும்; அழைப்புக் கடிதம், திரும்பிவரும் பயணச்சீட்டு, தங்குமிட முகவரி ஆகியவற்றின் நகலை ஒவ்வொருவரும் தனித்தனியே கையில் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் குழுத் தலைவரின் பையில் போட்டுவிட்டு வரிசையில் பின்தங்கியவர் மாட்டிக்கொள்வார். வெளிநாட்டுக் கோவில் திருவிழாவுக்குச் சுற்றுலா விசாவில் வந்து ஆடிவிட்டுப் போகலாம் என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். பிடிபட்டால் தடுப்புக்காவலில் இருக்கப்போவது நீங்கள், அவர் அல்லர்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். கூத்துக்காரரின் வங்கிக் கணக்கில் காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பதால், எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று அழைப்புக் கடிதத்திலேயே வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

மூட்டை கட்டும்போது இரண்டு பொருள்களை வெளியே எடுத்து வையுங்கள். மயில் இறகை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. இறகு உதிர்ந்ததா பிடுங்கியதா என்ற விவாதம் அங்கே எடுபடாது. கஞ்சிராவில் உடும்புத் தோல் இருந்தால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோல் கட்டியதை எடுத்துச் செல்லுங்கள். புஜக்கட்டை, கிரீடம் போன்ற மரப் பொருள்களையும் பம்பையின் தோலையும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சோதிப்பார்கள்; அவற்றை வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட்டுவிட வேண்டும்.

பணத்தில்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள். மதிப்பூதியம் பெரும்பாலும் தலைவர் கணக்குக்கே வரும். ஆர்மோனியப் பெட்டிக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்திடாத ஜமா, திரும்பி வரும்போது இரண்டாக உடைந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டு மையம் “நன்கொடை” என்று அனுப்பும் தொகையை, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் வாங்கக் கூடாது. நிகழ்ச்சிக்கான ஊதியம் நன்கொடை ஆகாது. ஆனால் அது ஊதியம்தான் என்பதை ஒப்பந்தமும் பில்லும் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுக் கலைஞர் இங்கே கற்க வரும்போதும் சிக்கல் உண்டு. சுற்றுலா விசாவில் குறுகிய காலம் இசையோ கூத்தோ கற்கலாம். தகுதிச் சான்றிதழ் தரும் பயிற்சிக்கும் கட்டண நிகழ்ச்சிக்கும் அந்த விசா போதாது. ஆசையாகச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் வாத்தியார், விருந்தாளிக்கே வம்பு இழுத்து வைக்கிறார். அந்த வெளிநாட்டவரை உங்கள் வீட்டில் தங்க வைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள், அவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (2025 வரை சி படிவம் எனப்பட்டது) இணையத்தில் பதிய வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிக்காரர்களுக்கு இந்தப் படிவம் தண்ணீர்பட்ட பாடு. கிராமத்தில் திண்ணையைக் கொடுத்த கூத்து வாத்தியாருக்கோ, காவலர் வந்து கதவைத் தட்டும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. விவரம் கேட்க வேண்டிய இடம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். வாய்மொழியாக “பரவாயில்லை” என்று சொன்னால் அதை ஏற்காமல், பதிந்த படிவத்தின் நகலை அச்செடுத்து, விருந்தாளி கிளம்பும் வரை வீட்டில் வையுங்கள்.