ஆன்டிபாடியின் காம்பு

ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். அது ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கைத் தேடி ஒட்டும் நோய் எதிர்ப்புப் புரதம். புற்றாகிப்போன பி செல் என்ற வெள்ளையணுவின் மேல் இருக்கும் சிடி20 புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதாலேயே செல் செத்துவிடுமா? பெரும்பாலும் சாகாது. கொல்வதற்கு வேறு ஆள் வர வேண்டும்.

வருகிறவர்களில் முக்கியமானது இயற்கைக் கொல்லி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணு. நம் செல்கள் ஏறக்குறைய எல்லாமே எம்எச்சி என்ற அடையாளப் புரதத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்ததும் கொல்லி செல் அடங்கிவிடும். அடையாளம் காணாமல் போன செல்லைத்தான் அது தாக்குகிறது என்பதை 1986-இல் ஸ்வீடனின் கிளாஸ் கார்ரெயும் கூட்டாளிகளும் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், பல புற்றுச் செல்கள் இந்த அடையாளத்தைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. கொல்லி செல் உரசிப் பார்த்துவிட்டுச் சும்மா போய்விடும்.

ஆன்டிபாடி அதைப் போகவிடாமல் நிறுத்துகிறது. அதன் வடிவம் கவட்டைக் குச்சி மாதிரி. கிளைகள் புற்றுச் செல்லைப் பிடித்திருக்க, காம்பு வெளியே நீட்டி நிற்கும். கொல்லி செல்லின் சிடி16 என்ற ஏற்பி அந்தக் காம்பைப் பற்றும். ஒரு காம்பால் ஒன்றும் ஆகாது. பல காம்புகள் ஒரே இடத்தில் சிக்கினால்தான் 'தாக்கு' என்ற சமிக்ஞை 'அடங்கு' என்பதை மீறும். பிறகு கொல்லி செல் வெளிவிடும் பெர்ஃபோரின் என்ற புரதம் புற்றுச் செல்லின் சவ்வில் துளை போடும். உள்ளே நுழையும் கிரான்சைம் நொதிகள் அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி தூண்டும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது காம்பில் இருக்கும் ஒரு துளிச் சர்க்கரை. காம்போடு ஒட்டிய சர்க்கரைச் சங்கிலியில் ஃபியூகோஸ் என்ற ஒன்று சிடி16-க்கு இடைஞ்சலாக நிற்கிறது. அதை நீக்கினால் பிடி பல மடங்கு இறுகும். 2013-இல் வந்த ஒபினுடுசுமாப் அப்படி ஃபியூகோஸைக் குறைத்துச் செய்த மருந்துதான். ஏற்பியின் பக்கமும் வேறுபாடு உண்டு: சிடி16 புரதத்தை உண்டாக்கும் அமினோ அமிலச் சங்கிலியின் 158-ஆவது இடத்தில் சிலருக்கு வேலின், சிலருக்கு ஃபினைல்அலனின். வேலின் இருந்தால் பிடி வலுவாகும். மரபில் பெற்றோர் இருவரிடமிருந்தும் வேலின் வடிவத்தைப் பெற்ற லிம்போமா நோயாளிகளிடம் ரிட்டுக்ஸிமாப் கூடுதலாக வேலை செய்ததை 2002-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இவ்வளவு இறுக்கிப் பிடித்தபின் கொல்லி செல் விடுபடுவது எப்படி? தன் சிடி16-ஐத் தன் நொதியாலேயே வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட துண்டு கழன்றுவிடும். கொல்லி செல் அடுத்ததை நோக்கி நகரும்.