அமில மழை

ஆங்கிலத்தில் ‘ஆசிட் ரெயின்’. ‘ஆசிட்’ லத்தீனில் புளிப்பைக் குறிக்கும் ‘அசிடுஸ்’ என்பதிலிருந்து வந்தது. நம் ‘அமிலம்’ வடமொழி ‘அம்ல’த்தின் தமிழ் வடிவம், அதற்கும் பொருள் புளிப்புதான். முன்பு திராவகம் என்றார்கள். நகைத் தொழிலில், தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவைக்கு ராஜ திராவகம் என்ற பேச்சு இன்னும் உண்டு. தனித்தமிழ் அன்பர்கள் ‘காடி மழை’ என்பார்கள். காடி என்றால் புளித்த கஞ்சிநீர், வினிகர். பொருத்தமான சொல்தான், ஆனால் பள்ளிப் பிள்ளை வரை பழகிவிட்ட ‘அமில மழை’யை இனி மாற்றுவானேன்?

1852-இல் மான்செஸ்டர் மழைநீரில் கந்தக அமிலம் கலந்திருப்பதைக் கண்டவர் வேதியியலர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். 1872-இல் வந்த அவரது நூலில் ‘ஆசிட் ரெயின்’ என்ற சொல் இடம்பெற்றது. மாசில்லாத மழையும் சற்றுப் புளிப்பே: காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், புளிப்பை அளக்கும் பி.எச். எண் 5.6-ஐ ஒட்டி நிற்கும். நிலக்கரியும் டீசலும் எரிந்து வெளிவரும் கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் சேர்ந்தால் அதற்கும் கீழே போகும். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு.

எனக்கு உறுத்துவது ‘மழை’ என்ற பாதிதான். கட்டடத்தைக் கெடுக்க மழையே பெய்ய வேண்டியதில்லை. வாயுவும் புகைக்கரியும் சுவரில் படிந்து, பனியீரம் பட்டாலே போதும். சுண்ணாம்பு ஜிப்சமாக மாறும். மழை விழும் பக்கத்தில் அது கரைந்து ஓட, சிற்பத்தின் முகம் மழுங்கும். மழை எட்டாத கொடுங்கையின் (வெளியே நீண்ட வளைந்த கூரை விளிம்பின்) அடியில் கரியோடு இறுகிக் கறுப்புப் பொருக்காகும். பின்னாளில் பொருக்கு உப்பிப் பெயரும்போது சுவரின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

சிதம்பரம் கோபுரங்களின் கருங்கல் அடித்தளத்தில் சுண்ணாம்புச் சத்து அரிது, எளிதில் அசையாது. மேலே செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும், ஆபத்து அங்கேதான். புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் சாந்துச் சுவருக்கும் அதே கதை. நெய்வேலி பழுப்பு நிலக்கரியிலும் கந்தகம் உண்டு என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதற்காக நம் கடலோரத்துச் சிதைவையெல்லாம் அமிலத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்துக் காரை பொரிந்தால் அது உப்பு. ஈரச் சுவரில் கறுத்துக் கிடப்பது பெரும்பாலும் பாசி.

ஆகவே கட்டடச் சிதைவைப் பற்றி எழுதும்போது ‘அமிலப் படிவு’ என்பதே சரியான சொல். அது மழையையும், பனியையும், காய்ந்த தூசியையும் சேர்த்தே குறிக்கும்.