“இது ஒரிஜினலா, பிரிண்டா?”

கண்காட்சிகளில் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். “பிரிண்ட்தான் சார், அதுதான் ஒரிஜினல்” என்றால், ஏதோ வியாபாரத் தந்திரம் செய்கிறேன் என்பது போலப் பார்க்கிறார்கள். மரச்செதுக்கு அச்சை, அதாவது ‘வுட்கட்’ என்பதை, கையால் செதுக்கி விற்றுப் பிழைக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. ஆனால் இதே குழப்பத்தை வைத்துச் சிலர் காசு பார்ப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

கேன்வாஸில் வரைந்ததை ஸ்கேன் செய்து பிரிண்டரில் எடுத்தால் அது நகல். மூலம் தனியாக வீட்டில் இருக்கும். மரச்செதுக்கில் அப்படி ஒரு மூல ஓவியமே கிடையாது. பலகையை எடுத்துக் காட்டினால் மை ஊறிக் கறுத்துப்போன, இடம் வலம் மாறிய ஒரு மரத்துண்டுதான் தெரியும். வெள்ளையாக வேண்டிய இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிட்டு, மிச்சம் மேடாக நிற்கும் மரத்தில் மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி உரிக்கும்போதுதான் படம் என்ற ஒன்றே உண்டாகிறது. இருபது தாள் அடித்தால் இருபதும் ஒரிஜினல்.

அந்த ‘அடிப்பது’ என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். என்னிடம் பிரஸ் இல்லை. பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செதுக்க மூன்று வாரம். அப்புறம் கண்ணாடித் தட்டில் மையைத் தேய்த்து ரோலரை உருட்டுவேன். பதம் வந்துவிட்டதா என்பதைக் காதுதான் சொல்லும். மை அதிகமானால் சேற்றில் செருப்பு ஒட்டுவது போல ‘சப் சப்’ என்று கேட்கும். சரியாக இருந்தால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லிய ‘சர்ர்’. பலகையின் மேல் தாளைப் பரப்பி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்ப்பேன். ஒரு தாளுக்கு இருபது நிமிடம். கடைசித் தாளுக்கு வரும்போது தோள்பட்டை கழன்றுவிடும். அதனால்தான் மூன்றாவது தாளும் பதினேழாவது தாளும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. ஓரிடத்தில் கறுப்பு கொஞ்சம் கெட்டியாகவும், இன்னோரிடத்தில் மரத்தின் ரேகை கொஞ்சம் தூக்கலாகவும் தெரியும்.

எழுத்து வந்தால் இன்னும் கவனம் வேண்டும். முதல் வருடம் ஒரு படகுப் படத்தின் அடியில் ‘கடல்’ என்று அழகாகச் செதுக்கினேன், நேராக! நான்கு நாள் வேலை. தாளை உரித்தால் எழுத்தெல்லாம் என்னைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. ‘ப’ மாதிரி எழுத்தாக இருந்தாலாவது ஒப்பேற்றியிருக்கலாம், ‘ட’ விடுமா?

இப்போது அடியில் பென்சிலால் எழுதியிருக்கும் எண்ணுக்கு வருவோம். 5/30 என்றால் அச்சடித்த தாள்கள், அதாவது படிகள், மொத்தம் முப்பது, இது ஐந்தாவது என்று அர்த்தம். சிறிய எண்ணுக்குத் தனி மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடித்த வரிசையிலேயே எண் போட்டாக வேண்டும் என்றுகூட இல்லை. A.P. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் கலைஞர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட படி. அதுவும் சிலதுதான் இருக்க வேண்டும்.

எண் போடும் வழக்கம் ஒன்றும் ஆதிகாலத்தது இல்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலைப் படம் 1831 வாக்கில் வந்தபோது யாரும் எண் போடவில்லை. அவர் வரைந்தார், செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு, காசு போட்ட பதிப்பாளர் வேறு. செர்ரி மரப் பலகை தேயத் தேய அடித்துக்கொண்டே இருந்தார்கள். இடது மேல் மூலையில் தலைப்பு எழுதிய கட்டத்தின் கோடு, பிந்தைய படிகளில் உடைந்து உடைந்து தெரிவதை இன்றும் பார்க்கலாம். நம்மூர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலும் மரச்செதுக்குப் படங்கள் உண்டு. அவற்றுக்கு யார் எண் போட்டார்கள்? என்னைக் கேட்டால் எண் என்பது கலைக்குத் தேவை இல்லை, சந்தைக்குத்தான் தேவை. ஆனால் முப்பது என்று எழுதிவிட்டால் முப்பத்தொன்றாவதை அடிக்கக் கூடாது. படிகள் தீர்ந்ததும் பலகையின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்துவிடுவது என் வழக்கம். அந்தக் கோட்டை இழுக்கும்போது வயிறு கலங்கும், அது வேறு விஷயம்.

நானும் யோக்கியன் என்று பீற்றிக்கொள்ள முடியாது. ஒருமுறை கவனக்குறைவாக இரண்டு தாளில் 7/20 என்று எழுதி, இரண்டையும் விற்றும்விட்டேன். ஒருவரைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு: எந்தப் பலகை, எத்தனை படி, எது யாரிடம் போனது. புதிதாக இறங்கும் தம்பி தங்கைகள் உளி வாங்குவதற்கு முன்னால் அந்த நோட்டை வாங்கிவிடுங்கள்.

ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார்: “ஒரு படியை ஸ்கேன் பண்ணி நல்ல தாளில் இருநூறு எடுத்துடலாம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, லிமிடெட் எடிஷன்னு வித்துக்கலாம்.” டிஜிட்டல் நகல் விற்பது தப்பில்லை. நகல் என்று சொல்லி, நகலின் விலைக்கு விற்கலாம். பென்சில் கையெழுத்தைப் போட்டு மரச்செதுக்கு என்று விற்பதுதான் மோசடி. அவர் இன்னொருவரைப் பிடித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று போதும். ஆஃப்செட், டிஜிட்டல் பிரிண்டுகளில் கறுப்புகூடப் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். மரச்செதுக்கில் மை ஒரே பரப்பாகக் கிடக்கும், கோட்டின் விளிம்பில் பிதுங்கிக் கொஞ்சம் தடித்திருக்கும். அடுத்து, கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் பாருங்கள். கரண்டியால் தேய்த்த படி என்றால் பின்பக்கம் தேய்த்த தடமும் ஒரு மினுமினுப்பும் இருக்கும். பிரஸ்ஸில் அடித்தது என்றால் விரலால் தடவும்போது மேடு பள்ளம் தட்டுப்படலாம். ஃபிரேம் போட்டுவிட்டார்கள், பின்பக்கம் பார்க்க முடியாது என்றால் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். பலகையைக் காட்டச் சலித்துக்கொள்ளும் மரச்செதுக்குக் கலைஞரை நான் இன்னும் பார்க்கவில்லை, நாங்கள் எல்லாம் பலகையைக் காட்டத்தான் காத்திருக்கிறோம். ஒன்று மட்டும் விதிவிலக்கு. ஒரே பலகையைக் கொஞ்சம் செதுக்கி ஒரு வண்ணம், மேலும் செதுக்கி அடுத்த வண்ணம் என்று அடிக்கும் முறையில் கடைசியில் பலகையில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. அங்கே சோதனைப் படிகளைக் கேளுங்கள்.

வாங்கியபின் கண்ணாடி தாளில் ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள். எண்ணெய் மை கடற்கரை ஊர் ஈரத்தில் காய வாரக்கணக்கில் ஆகும். மழைக்காலத்தில் அடித்த படி என்றால் ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோக ஒரு மாதம் பொறுங்கள்.