பிள்ளைங்க கண்ணு எங்க போகுதுன்னு பார்த்துதான் நிகழ்ச்சி எடுக்கணும்

ஒரு நாட்டுல எடுத்த பிள்ளைங்க நிகழ்ச்சிய இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக டப்பிங் பண்ணா போதும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, ஆனா டப்பிங் கடைசி வேலை, அதுக்கு முன்னாடி நடக்கிறதுதான் விஷயமே.

1969ல அமெரிக்காவுல செசமி ஸ்ட்ரீட்ங்கிற பிள்ளைங்க டிவி நிகழ்ச்சி ஆரம்பிச்சப்போ எட்வர்ட் பால்மர்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை வச்சாரு. பிள்ளை முன்னாடி டிவி ஓடும், பக்கத்துலயே இன்னொரு ஸ்கிரீன்ல ஏழரை செகண்டுக்கு ஒரு தடவ புதுப் படம் மாறும், பிள்ளை கண்ணு டிவிலயே நிக்குதா இல்ல அந்தப் பக்கம் போகுதான்னு ஒருத்தர் உக்காந்து குறிச்சிக்கிட்டே இருப்பாரு. கண்ணு நழுவுற சீன் வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான். இப்படிப் பார்த்தப்போதான் நிகழ்ச்சியில வர்ற தெருவுல மனுசங்க மட்டும் பேசுற இடத்துல கவனம் போயிடுதுன்னு தெரிஞ்சது. பொம்மையையும் மனுசங்களையும் கலந்தா பிள்ளைங்க குழம்பிடும்னு நிபுணர்கள் சொல்லியிருந்தாங்க, ஆனா தயாரிப்பாளர்கள் பிள்ளைங்க கண்ணைத்தான் நம்புனாங்க, பிக் பேர்ட்ங்கிற பெரிய பறவை பொம்மை அந்தத் தெருவுக்கு வந்தது அப்படித்தான். எனக்கு இது ரொம்பப் பெரிய முடிவாப் படுது.

வேற நாட்டுக்குப் போறப்போ இன்னொரு வேலை சேருது. அந்த ஊரு ஆசிரியர்கள், குழந்தை வளர்ச்சி தெரிஞ்சவங்க, எழுத்தாளர்கள் எல்லாரும் உக்காந்து இங்க உள்ள பிள்ளைக்கு என்ன தேவைன்னு முதல்ல பேசி முடிப்பாங்க, ஸ்கிரிப்ட் அதுக்கப்புறம்தான். செசமி ஸ்ட்ரீட்டோட தென்னாப்பிரிக்க நிகழ்ச்சியில 2002ல காமின்னு எச்ஐவி உள்ள பொம்மை வந்தது, ஏன்னா அந்த நோய் அங்க பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. அதோட இந்திய நிகழ்ச்சியா 2006ல வந்த கலி கலி சிம் சிம்ல சாம்கிங்கிற பொம்மை ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட சுறுசுறுப்பான பொண்ணு, பொண்ணுங்க படிக்கணும்ங்கிறத யாரும் பிரசங்கம் பண்ணாமலேயே அவ காட்டுவா.

இதை நம்ம சிங்கப்பூருக்குப் பொருத்திப் பாருங்க. பின்பக்கம் தோட்டம் வச்ச தனி வீடு, பனி கொட்டுற தெரு, இதெல்லாம் வர்ற கதைக்குத் தமிழ்க்குரல் மட்டும் கொடுத்தா, புளோக்ல லிஃப்ட் ஏறி, கீழ்த்தளத்துல திறந்தவெளியா இருக்கிற வாய்ட் டெக்ல விளையாடுற பிள்ளை அது என்ன இடம்னு யோசிக்கிறதுலயே பாதி நேரம் போயிடும், எண்ணுறதையோ எழுத்தையோ கவனிக்க மிச்சம் இருக்காது.

கேள்வி கேட்டுட்டு விடுற இடைவெளியும் அப்படித்தான். 1996ல வந்த புளூஸ் குளூஸ்ங்கிற அமெரிக்கப் பிள்ளைங்க நிகழ்ச்சியில கேள்வி கேட்டுட்டு பிள்ளைங்க பதில் சொல்ல கொஞ்சம் நிறுத்துவாங்க, ஒரே எபிசோடை அஞ்சு நாள் தொடர்ந்து போடுவாங்க, நாள் ஆக ஆக பிள்ளைங்க கூடக்கூட பதில் சொல்றது அதிகமாச்சு. இங்க நிறைய வீட்ல பிள்ளைங்க இங்கிலீஷ்லதான் பேசுறாங்க, அதனால தமிழ்ல கேட்ட கேள்விக்கு அவங்களுக்கு இன்னும் ரெண்டு செகண்ட் கூட தேவைப்படலாம், வேற ஊர்ல அளந்த இடைவெளி இங்க சரியா வரும்னு எப்படி நம்புறது?

டப்பிங்லயும் நுணுக்கம் இருக்கு. மியூசிக்கும் மத்த சத்தமும் தனி டிராக்கா வரும், பேச்சை மட்டும் மாத்தலாம், ஆனா ப, ம சொல்றப்போ உதடு மூடணும், அது படத்துல உள்ள வாயோட சேரணும்.

தமிழ்ல பிள்ளைங்க நிகழ்ச்சி எடுக்கிறவங்ககிட்ட நான் கேட்கிறது இதுதான். எடிட்டிங் முடியிறதுக்கு முன்னாடியே ரஃப் கட், அதாவது முதல்ல சேர்த்து வச்ச படத்தை, ஒரு பாலர் பள்ளிக்கு எடுத்துட்டுப் போங்க, ஸ்கிரீனைப் பார்க்காம பிள்ளைங்க முகத்தைப் பாருங்க, எந்த இடத்துல திரும்புறாங்கன்னு எழுதுங்க, அப்புறம் கதைய அவங்களையே சொல்லச் சொல்லுங்க, ஏன்னா கண்ணு எடுக்காம பார்த்த பிள்ளைக்கும் கதை புரியாம இருக்கலாம். திரும்ப எடுக்கிறதுக்கு பட்ஜெட்ல முன்னாடியே காசு ஒதுக்கிடுங்க, இல்லன்னா தப்பு தெரிஞ்சும் மாத்த முடியாது.