மின்னஞ்சலின் பெயர் ஒரு நீள எண்

கல்லூரிக் கணக்கில் ஒருமுறை லாகின் செய்தால் போதும், சந்தா கட்டிய ஆய்விதழ்த் தளங்களுக்குள் போய்விடலாம். காந்திநகரில் உள்ள பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு இந்த வசதியைத் தருகிறது. அடியில் ஓடுவது ஷிபோலெத் என்ற மென்பொருள். இதழ்த் தளத்துக்குக் கடவுச்சொல் போகாது. போவது, "இவர் எங்கள் மாணவர்" என்று கல்லூரி சர்வர் டிஜிட்டல் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு எழுதும் வடிவம்) சீட்டு. அதற்கு இலக்கணம், 2005-இல் வந்த சாம்ல் 2.0.

சீட்டில் ஒவ்வொரு தகவலும் ஒரு பெயரைத் தாங்கிப் போகும். தலைவலியே அந்தப் பெயர்தான். மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொள்வோம். நம் சர்வருக்குள் அதன் பெயர் வெறும் 'மெயில்'. வெளியே ஒவ்வொரு தளமும் அதை ஒவ்வொரு பெயரில் கேட்கும். பல்கலைக்கழக உலகில் புழங்கும் பெயர் இது: 0.9.2342.19200300.100.1.3.

இது தொலைபேசி எண் மாதிரி இருக்கிறதே என்றால், கிட்டத்தட்ட அப்படித்தான். 2342 பிரிட்டனின் பழைய தரவு வலையமைப்பு, 19200300 லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், 100 என்பது அங்கே நடந்த முன்னோட்டத் திட்டம். 1991-இல் ஆர்எஃப்சி 1274 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் அச்சேறியது. வலையமைப்பு போய்விட்டது, எண் நிலைத்துவிட்டது. இரண்டு நிறுவனங்களின் பெயர்கள் மோதிக்கொள்ளாது என்பதுதான் இதன் பலம்.

உள்பெயரை வெளிப்பெயராக மாற்றுவது என்கோடர். ஒரே மதிப்புக்கு இரண்டு என்கோடர் வைத்து இரண்டு பெயரிலும் அனுப்பலாம். முன்பெல்லாம் தகவலைத் தேடி எடுக்கும் கோப்பிலேயே இதையும் எழுதுவோம். 2020-இல் வந்த ஷிபோலெத் 4-ஆம் பதிப்பு இதற்கென்று தனிப் பதிவேடு வைத்தது, நல்ல காரியம்.

பெயர் பொருந்தாவிட்டால் வாங்கும் தளம் சண்டை போடாது, தகவலைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ஒருமுறை லாகின் ஆகிறது, மின்னஞ்சல் மட்டும் காலி. அரை நாள் எங்கள் பயனர் விவரங்கள் இருக்கும் டைரக்டரியைக் குடைந்தேன். மதிப்பும் சரி, எண்ணும் சரி. பெயரோடு போகும் 'பெயர் வடிவம்' என்ற குறிப்பில் 'யுஆர்ஐ' (உலகப் பொதுவான அடையாளம்) இருக்க வேண்டிய இடத்தில் 'பேசிக்' (சாதாரணப் பெயர்) என்று இருந்தது!

மதிப்பையும் கவனிக்க வேண்டும். 'மாணவர்' என்று மட்டும் சொன்னால் எந்தக் கல்லூரி மாணவர்? அதனால் @ போட்டுக் கல்லூரியின் டொமைனை ஒட்டுகிறோம். அந்த டொமைனைச் சொல்ல இந்த சர்வருக்கு உரிமை உண்டா என்று கூட்டமைப்பின் உறுப்பினர் விவரக் கோப்பான மெட்டாடேட்டாவைப் பார்த்துத் தளம் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கல்லூரியும் இன்னொரு கல்லூரியின் மாணவரை உருவாக்கிவிடலாம்.

கடைசியில் எழுத்து. எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் 'மணி' 9 பைட்: ம, ண, இகரக் குறி, ஒவ்வொன்றும் 3. எக்ஸ்எம்எல் அதைச் சேதமில்லாமல் சுமக்கும். வாங்கும் செயலி அதை லத்தீன்-1 (ஒரு எழுத்துக்கு ஒரே பைட் வைக்கும் பழைய முறை) என்று நினைத்துப் படித்தால் 9 கிறுக்கல்கள், அதையே மறுபடி யூடிஎஃப்-8-ஆகச் சேமித்தால் 18 பைட். ஆங்கிலப் பெயரில் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. என் சோதனைக் கணக்கின் பெயர் மணி, தமிழில்.