கண்ணுக்கான மருந்துப் படலம்: எந்தப் பாலிமர் பொருந்தும்?

ராத்திரி தூங்கப் போகும் முன் பிள்ளைக்கு அட்ரோபின் சொட்டு விடுவது சிங்கப்பூர் வீடுகளுக்குப் புதிதல்ல. கிட்டப்பார்வை ஏறுவதைக் குறைந்த அடர்த்தி அட்ரோபின் மட்டுப்படுத்தும் என்று காட்டிய முக்கிய ஆய்வுகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. மருந்து சரி, அதைக் கண்ணில் தங்க வைப்பதுதான் பெரும்பாடு. ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். கண்ணில் வழக்கமாக இருக்கும் கண்ணீரோ சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லாவிட்டால் மூக்குக்குள் இறங்கும். எந்த மருந்தானாலும் சொட்டில் விழிக்குள் போவது பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

மருந்தைப் பாலிமரோடு, அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன பொருளோடு, சேர்த்து மெல்லிய படலமாக்கிக் கீழ் இமைக்குள் செருகும் யோசனை இதற்காக வந்ததுதான். 1970களில் அமெரிக்காவில் வெளிவந்த ஆக்குசெர்ட், கண் அழுத்த நோய்க்கான பைலோகார்பினை ஒரு வாரம் சீராக விட்டது. ஆனால் அதன் உறை கரையாது, வாரம் முடிந்ததும் வெளியே எடுக்க வேண்டும். அது நழுவி விழுந்ததே சிலருக்குத் தெரியவில்லை.

அதனால் கரையும் பொருள்தான் என் முதல் தேர்வு. செல்லுலோஸ் வகையான ஹைப்ரோமெல்லோஸும், பாலிவினைல் ஆல்கஹாலும் செயற்கைக் கண்ணீரில் ஏற்கெனவே பழகியவை, கண் அவற்றை ஏற்றுக்கொள்ளும். சிக்கல், சீக்கிரமே கரைந்துவிடுவது. மூலக்கூறுச் சங்கிலி நீளமான ரகத்தை எடுத்தால் கண்ணீர் பட்டதும் கெட்டியான கூழாகி, மருந்தை மெதுவாக விடும். பாலிவினைல் ஆல்கஹாலில் இன்னொரு பிடி உண்டு: நீராற்பகுப்பு (தயாரிப்பில் மூலப்பொருளின் அசிட்டேட் தொகுதிகளை நீக்கும் வினை) ஏறக்குறைய முழுமையான ரகம் குளிர்ந்த நீரில் லேசில் கரையாது, சுமார் 88 விழுக்காடு ஆன ரகம் எளிதில் கரையும். பெயர் ஒன்றுதான், நடத்தை வேறு.

இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானுக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏக மவுசு. அதன் நேர்மின்னேற்றம், கண்ணின் சளிப்படலத்திலுள்ள மியூசின் என்ற எதிர்மின்னேற்றப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அது அமிலத்தில்தான் கரையும். படலம் வார்த்த பிறகு அசிட்டிக் அமிலம் கொஞ்சம் தங்கினாலும் கண் எரியும். அப்புறம் கண்ணீர் பெருகி மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும்.

பாலிமரை மட்டும் கரைத்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், பல சமயம் அப்பளம் போல் நொறுங்கும் தகடுதான் கிடைக்கும். கண்ணில் அதன் விளிம்பு கீறும். கிளிசரின் சேர்த்தால் வளையும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்து, எத்தனையாவது மடிப்பில் கிழிகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். அதற்காகக் கிளிசரினைத் தாராளமாக ஊற்றவும் முடியாது. 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர் ஈரப்பதத்தில், உறை பிரித்த படலம் பிசுபிசுத்து விரலோடு ஒட்டிக்கொள்ளும்.

கிருமி நீக்கத்தையும் முதலிலேயே யோசித்துவிட வேண்டும். 121 பாகை நீராவியில் வைத்தால் இத்தகைய படலம் உருக்குலைந்துவிடும். காமா கதிருக்குப் போனால், செல்லுலோஸ் வகைகளிலும் கைட்டோசானிலும் சங்கிலிகள் அறுபட்டுக் கரைவது வேகமாகும். ஆகவே எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதைக் கதிர் பட்ட படலத்தில்தான் அளக்க வேண்டும்.